அதே காட்டுக்கு மறுபடியும் போகலாமா?

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் காட்டு வகுப்பு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்னக் காடு இருக்கிறது. வாரம் ஒரு காலைப்பொழுது குழந்தைகளை அங்கே கூட்டிப் போக அனுமதி கேட்டேன். "வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுலா போகிறோமே, அது போதாதா? அதே இடத்தில் ஒவ்வொரு வாரமும் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார் தலைமை ஆசிரியர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்விதான், டீச்சர். சுற்றுலாவும் காட்டு வகுப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதல் நாள் குழந்தைகள் காட்டைப் பார்ப்பதே இல்லை. ஓடுவார்கள், கத்துவார்கள், நண்பன் எங்கே என்று தேடுவார்கள். அடுத்த சில வாரமும் அப்படித்தான் போகும். இடம் பழகி, 'இது நம்ம இடம்' என்று ஆன பிறகுதான் கண் தரைக்கு இறங்கும். என் வகுப்பு போய்வந்த காட்டில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. முதலில் அது அவர்களுக்கு ஏறிக் குதிக்கிற மேடை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் ஒரு பெண், உரிந்து தொங்கிய பட்டையைத் தூக்கிப் பார்த்து, வண்டுப் புழுக்கள் அரித்த கோடுகளைக் கண்டுபிடித்தாள். மழைக்குப் பிறகு அதே மரத்தில் காளான் முளைத்தது, ஒரு பக்கம் மட்டும். ஏன் அந்தப் பக்கம் மட்டும்? நிழல் என்றான் ஒருவன். ஈரம் என்றாள் இன்னொருத்தி. மறுபக்கத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. வாராவாரம் விடாமல் ஊற்றினார்கள். காளான் வரவில்லை, பாசி வந்தது. அதிலிருந்து புதிய விவாதம் கிளம்பியது.

வருஷத்துக்கு ஒரு முறை போகிற குழந்தைக்கு இந்தக் கேள்வி வர வழியே இல்லை. போன வாரம் அங்கே காளான் இல்லை என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வாரம் அது செய்தி.

இதை முறையாகச் செய்கிறவர்களும் இதைத்தான் முதலில் வைக்கிறார்கள். டென்மார்க்கில் 7 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்கு, வாரம் ஒரு நாளோ இரு வாரத்துக்கு ஒரு நாளோ வகுப்பறைக்கு வெளியே பாடம் நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து ஒரு குழு டென்மார்க் போய், அங்கே சின்னக் குழந்தைகள் திறந்தவெளியில் வளர்வதைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் ஊரில் ஆரம்பித்ததுதான் பிரிட்டன் முழுக்கப் பரவிய 'வனப்பள்ளி' முறை. அதற்கென்று அங்கே வகுத்திருக்கும் கொள்கைகளில் முதலாவது, எப்போதாவது ஒரு முறை போய்வருவது இதில் சேராது, நீண்ட காலம் தொடர்ந்து போக வேண்டும் என்பது.

தலைமை ஆசிரியரிடம் ஒரு பருவத்துக்கு மட்டும், ஒரே ஒரு வகுப்புக்கு அனுமதி கேளுங்கள். குழந்தைகள் காட்டில் கேட்கும் கேள்விகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் மாதத்துக் கேள்வியையும் மூன்றாம் மாதத்துக் கேள்வியையும் அவரே படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு. வாரத்தில் ஒரு அரைநாள் காட்டில் போய்விட்டால் கணக்கும் மொழியும் பின்தங்கிவிடாதா?

பதில்: காட்டுக்குப் போனதாலேயே கணக்கு வந்துவிடாது, அம்மா. ஆசிரியர் அதைத் திட்டமிட்டுக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் வகுப்பறையில் கிடைக்காத சில விஷயங்கள் அங்கே கிடைக்கும்.

மரத்தின் உயரத்தை ஏறாமல் அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரான குச்சி போதும். கையை முன்னால் நேராக நீட்டிக் குச்சியைப் பிடித்தால், முஷ்டிக்கு மேலே நிற்கிற குச்சியின் நீளமும் கண்ணிலிருந்து முஷ்டி வரை உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மெதுவாகப் பின்னால் நடக்க வேண்டும். வேர் தடுக்கும், அதனால் பின்னால் ஒரு தோழன் வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும். முஷ்டியின் மேல்பக்கம் மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் ஒட்டித் தெரிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து மரம் வரை தரையில் டேப் பிடித்தால் அதுதான் மரத்தின் உயரம். மேல்வகுப்பில் வரப்போகிற வடிவொத்த முக்கோணம் இதுதான், பெயர் மட்டும் இப்போது தேவையில்லை.

அப்புறம்தான் கணக்கே ஆரம்பிக்கும். ஒரு குழுவுக்கு 11 மீட்டர் வரும், இன்னொரு குழுவுக்கு 14 வரும். ஒரே மரம்தானே, எப்படி இரண்டு உயரம்? ஒருவன் கையை மடக்கியிருப்பான். இன்னொருத்தி நின்ற இடம் சரிவாக இருந்திருக்கும். யார் அளந்தது நம்பத்தக்கது, சராசரி எடுக்கலாமா, மறுபடி அளக்கலாமா என்று குழந்தைகள் வாதாடுவதைக் கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிற கணக்கில் இந்த வாதம் வராது.

சுற்றளவு இன்னும் சுலபம். மரத்தை அளப்பவர்கள் தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றுவது வழக்கம். எல்லாரும் ஒரே உயரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதைக் குழந்தைகளே யோசித்துச் சொல்லிவிடுவார்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் மரத்தின் குறுக்களவு ஏறக்குறைய வந்துவிடும். சின்ன வகுப்புக்குச் சுள்ளி பத்துப்பத்தாகக் கட்டினால் இடமதிப்பு ஆயிற்று.

மொழிக்கு நான் விரும்பிச் செய்வது ஒன்று. ஒரு குழந்தையின் கண்ணைத் துணியால் கட்டி, தோழி கையைப் பிடித்து ஒரு மரத்துக்குக் கூட்டிப் போவாள். அவன் அந்த மரத்தைத் தடவி, முகர்ந்து, கட்டிப்பிடித்துப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து கட்டை அவிழ்த்ததும் அதே மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். சொரசொரப்பு, வழவழப்பு, பிசுபிசுப்பு, பொருக்கு, வெடிப்பு, பொந்து என்று வார்த்தைகள் வரிசையாக வரும். வார்த்தை தெரியாதபோது 'இதுக்கு என்ன சொல்லணும் டீச்சர்?' என்று கேட்பார்கள். தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த வார்த்தை அவர்களுக்கு மறப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அரைநாள் முழுவதையும் பயிற்சித்தாளால் நிரப்புகிற பள்ளியாக இருந்தால் அதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு மணி நேரம் பாடம் போதும். மீதி நேரம் குழந்தைகளுடையது.

கேள்வி: வெளியில் விளையாடினால் கண்ணாடி போட வேண்டி வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப்பள்ளிகளில் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல இருந்த மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம்தான் காரணம் என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆகவே குறையும், ஆனால் வராமலே போய்விடாது. ஏற்கெனவே கண்ணாடி போட்ட குழந்தையின் பவர் இதனால் இறங்காது. வாரத்துக்கு ஒரு அரைநாள் மட்டும் போதாது, தினமும் வெளியே விட வேண்டும். அதற்கு விளையாட்டு மைதானமும் போதும்.

கேள்வி: என் பேத்தியின் பள்ளியில் காட்டு வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். பாம்பு, பூச்சி, மரத்திலிருந்து விழுவது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறாள்.

பதில்: உங்கள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது, ஐயா. அதை அப்படியே பள்ளியிடம் கேள்விகளாகக் கேளுங்கள். நல்ல பள்ளி உங்களுக்கு நன்றி சொல்லும்.

முதல் கேள்வி: குழந்தைகள் வருவதற்கு முன்னால் யார் காட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள்? அப்படிப் பார்க்கிறவர் முதலில் மேலே பார்க்க வேண்டும். எல்லாரும் பாம்பைத் தேடித் தரையைப் பார்க்கிறோம். காய்ந்து, ஒடிந்து, இன்னொரு கிளையில் மாட்டித் தொங்கும் கட்டை தலைக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழே உட்காரவே கூடாது. பலத்த காற்று வீசும் நாளில் வகுப்பு கிடையாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இடியும் அப்படித்தான். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். மரத்தடியில் ஒதுங்குவது இருப்பதிலேயே மோசமான யோசனை.

இரண்டாவது: கட்டையையும் கல்லையும் எப்படிப் புரட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தன் பக்கமாக உருட்ட வேண்டும். அப்போது அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறும், கட்டை குழந்தைக்கும் அதற்கும் நடுவே மறைப்பாக நிற்கும். கண் போகாத இடத்தில் கை போகக் கூடாது: பொந்து, சருகுக் குவியல், கல்லிடுக்கு. மூடிய காலணி, முழுநீளக் கால்சட்டை. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்த்து உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேட வேண்டும். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம்.

மூன்றாவது: எல்லை எது, எத்தனை பெரியவர்கள், தலை எண்ணுவது எப்போது, முதலுதவி படித்தவர் யார், ஒவ்வாமை உள்ள குழந்தையின் மருந்து யார் பையில் இருக்கிறது, வண்டி எந்த இடம் வரை வரும்? பாம்பு கடித்தால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், குழந்தையை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே உள்ள எல்லாப் பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

இதற்கெல்லாம் தெளிவான பதில் வந்தால், மீதியைப் பேத்தியிடம் விடுங்கள். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், குழந்தைகள் தாங்களே தேடிப் போகிற துணிச்சல் விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீரும் நெருப்பும் போன்ற ஆபத்தான இடங்கள், முரட்டுத்தனமான கட்டிப்புரளல், பெரியவர்கள் கண்ணிலிருந்து மறைந்து போதல். யோசித்தால் நம் சிறுவயதும் இந்த ஆறில் அடங்கிவிடும். மரம் ஏறுவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்று: தானாக ஏறினால் ஏறலாம், யாரும் தூக்கிவிட மாட்டோம். தூக்கிவிட்ட குழந்தைக்கு இறங்கத் தெரியாது. தானாக ஏறிய குழந்தை தன்னால் முடிந்த இடத்தோடு நின்றுவிடுவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். கீழே ஒருவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்க டீச்சர் மரவட்டையைக் கையில் விட்டுக்கலாம், பூரானைத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்க. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?

பதில்: கால்களைப் பார், கண்ணா. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால். பூரானுக்கு ஒரே ஜோடி, அதுவும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மரவட்டை சருகும் மட்கிய கட்டையும் தின்கிறது, மெதுவாகப் போகிறது, பயந்தால் சுருண்டு கொள்கிறது. பூரான் வேட்டையாடுகிறது. அதற்கு வேகமும் வேண்டும், விஷமும் வேண்டும். தலைக்குப் பின்னாலுள்ள முதல் ஜோடிக் காலே விஷக்கொடுக்காக மாறியிருக்கிறது.

மரவட்டையைக் கையில் விட்டால் அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவு. சில வகைகள் பயத்தில் ஒரு திரவத்தை விடும், அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் எரியும். உனக்கு இன்னொரு செய்தி: ஆயிரம் காலுக்கு மேல் உள்ள மரவட்டை ஒன்றைப் பற்றி 2021-இல் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில், தரைக்குள் ஆழமாகப் போட்ட துளையில் கிடைத்தது. 1,306 கால்! நீ பார்த்த மரவட்டைக்கு எத்தனை வளையம் என்று எண்ணி எழுது.

கேள்வி: சுதந்திரமாக விளையாட விட்டால் என் வகுப்புப் பையன்கள் குச்சியை எடுத்துச் சண்டை போடுகிறார்கள். குச்சியே கூடாது என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம், சார். காட்டில் குச்சியைத் தடுத்தால் குழந்தைக்கு எஞ்சுவது கொஞ்சம்தான். நீளத்தை வைத்து விதி போடுங்கள். தன் கையைவிடக் குட்டையான குச்சியைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், ஓடக்கூடாது. அதைவிட நீளமானதை ஒரு முனையைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போகலாம், அல்லது முனைக்கு ஒருவராக இரண்டு பேர் தூக்கலாம். குச்சிநுனி முகத்தருகே வரக்கூடாது. மூன்றே விதிதான், ஆறு வயதுக் குழந்தைக்கும் நினைவிருக்கும்.

அப்புறம் அவர்களுக்குப் பெரிய வேலை கொடுங்கள். நாலு தார்ப்பாய், கொஞ்சம் சணல் கயிறு, ஒரு முடிச்சு. மழை வந்தால் வகுப்பு முழுவதும் நனையாமல் உட்கார ஒரு கூரை வேண்டும் என்று சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். உதவிக்குப் போகாதீர்கள். கட்டுவது சரியும், சண்டை வரும், ஒருவன் கோபித்துக்கொண்டு தனியாக உட்காருவான். நாம் தலையிடாமல் நிற்கிற அந்த நேரம்தான் இந்த வேலையிலேயே கஷ்டமான நேரம். என் வகுப்பில் சதா அடிதடியில் இருந்த ஒரு பையன், நீளக் கட்டையைத் தூக்க இன்னொரு கை வேண்டும் என்பதால்தான் முதன்முதலாக ஒருவனை 'வாடா, பிடி' என்று கூப்பிட்டான். நான் சொல்லி வந்ததில்லை அது.

கேள்வி: எங்கள் மகள் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறாள். "காட்டு வகுப்பு நாளில் அவளை நூலகத்தில் வைத்துக்கொள்கிறோம்" என்கிறது பள்ளி. ஒத்துக்கொள்வதா?

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். அவளை விட்டுவிட்டுப் போகிற இடம் வகுப்புக்கு ஏற்ற இடமே இல்லை, இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கெட்டியான பாதை எதுவரை போகிறதோ அங்கேயே வகுப்பின் வட்டம் அமையட்டும், மற்றவர்கள் அங்கே வந்து சேரட்டும். மரங்களுக்கு நடுவே தூளி மாதிரித் துணி ஊஞ்சல் கட்டினால் அதில் படுத்து மேல்கிளைகளைப் பார்க்கலாம். தரையில் விரிப்புப் போட்டு இறக்கிவிட்டால் மண்ணும் சருகும் அவள் கைக்கு எட்டும். நாற்காலியின் கைப்பிடிகள் மேல் ஒரு பலகை வைத்தால் அதுவே அவளுடைய ஆய்வு மேசை. எப்படிச் செய்யலாம் என்று முதலில் அவளையே கேட்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் கூடிப் பேசுவது அதற்கு அடுத்து. பருவம் முழுவதும் ஒரே இடத்துக்குப் போவதில் இதுவும் ஒரு லாபம். ஒரு முறை பாதையைச் சரி செய்தால் எல்லா வாரத்துக்கும் ஆகும்.

கேள்வி: முப்பது குழந்தைகள் வாராவாரம் மிதித்தால் அந்தச் சின்னக் காடு என்ன ஆகும்? அதைப் பற்றி யாரும் பேசக் காணோமே!

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. நானே எழுத நினைத்திருந்தேன்.

காடு நிச்சயம் பாதிக்கப்படும். நீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கில்தான் இருக்கிறது. ஒரே இடத்தை மிதித்து மிதித்து மண் இறுகினால், காற்றும் தண்ணீரும் போகிற நுண்துளைகள் அடைபட்டுப் போகும். மழைநீர் இறங்காமல் மேலே ஓடும். முளைக்கிற கன்றும் நசுங்கிவிடும். அதே காட்டுக்கு மறுபடி மறுபடி போகச் சொல்கிற நான் இதற்கும் வழி சொல்லியாக வேண்டும்.

உட்காரும் வட்டத்தைப் பருவத்துக்கு ஒரு முறை மாற்றி, பழைய இடத்தில் சருகைப் பரப்பி ஓய்வு கொடுங்கள். பெரிய மரத்தின் அடியை ஒட்டி வட்டம் வேண்டாம். நடக்க ஒரே ஒரு பாதை, அதன் இரு பக்கமும் கட்டை போட்டு எல்லை. உயிருள்ள கிளையை ஒடிப்பதில்லை, பட்டையை உரிப்பதில்லை. கட்டையைப் புரட்டினால் பார்த்துவிட்டு அதே மாதிரி திருப்பி வைக்க வேண்டும், மெதுவாக. அடியில் இருக்கிறவர்களுக்கு அதுதான் கூரை. குடில் கட்டினால் போகும்போது பிரித்து, கட்டைகளைப் பரப்பிவிட வேண்டும். மட்கும் மரம் எத்தனையோ உயிர்களுக்கு வீடும் உணவும் என்பதால் சுத்தம் செய்கிறோம் என்று அள்ளி எறியாதீர்கள். பறவை கூடு கட்டும் காலத்தில் புதர்ப் பக்கம் போகாமல் கயிறு கட்டுங்கள்.

பருவத் தொடக்கத்தில் குழந்தைகளை வைத்தே நாலு இடத்தில் ஒரு சதுர மீட்டர் அளந்து கயிறு கட்டி, உள்ளே எத்தனை செடி, எத்தனை வகை, வெற்று மண் எவ்வளவு என்று எழுத வையுங்கள். ஒன்று வட்டத்துக்குள், ஒன்று பாதையோரம், இரண்டு யாரும் போகாத இடத்தில். பருவ முடிவில் அதே சதுரங்களை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் செடி குறைந்திருந்தால் அடுத்த பருவம் எங்கே உட்காருவது, எத்தனை நாள் காட்டை விட்டுவைப்பது என்று அவர்களே முடிவெடுக்கட்டும். ஓய்வு தேவை என்று அவர்கள் சொன்னால், அந்த வாரங்களில் வகுப்பைப் பள்ளி வளாகத்து மரத்தடியில் நடத்துங்கள்.